ஹுவாட்டாவின் மேட்டுப்பாத்திகள்

உருளைக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்காவிலுள்ள ஆண்டீஸ் மலைநாடு என்பது விவசாயப் பாடபுத்தகங்களில் ஒரே வரியில் சொல்லி முடிக்கப்படும் விஷயம். அம்மலைநாட்டுக் குடியானவர்கள் அதனை எத்தகைய நிலத்தில், எத்தகைய சீதோஷ்ணத்துடன் போராடி விளைவிக்கிறார்கள் என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. பெரு தேசத்தின் தென்கிழக்கில், டிட்டிகாகா ஏரியின் வடமேற்குக் கரையை அடுத்துள்ள ஹுவாட்டா என்னும் சிற்றூரின் பயிர்த்தொழிலை ஆராய்ந்தால் இவ்விஷயம் நன்கு விளங்கும். அவ்வூரின் சுற்றுவட்டத்தில் பண்டைக் காலத்து மக்கள் கையாண்டு, பின்னர் கைவிட்டு, 1980-களில் மீண்டும் எடுத்து நடத்திப் பார்த்த மேட்டுப்பாத்தி முறை ஒன்று உண்டு. அதன் அனுகூலங்களும், அது சில ஆண்டுகளில் பெருமளவு கைவிடப்பட்டதன் காரணங்களும் விவசாயத்தில் கருத்துள்ளோர் அனைவரும் அறியத்தக்கவை.

நிலமும் சீதோஷ்ணமும்

டிட்டிகாகா ஏரி கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 12,500 அடி உயரத்தில் உள்ளது. அதனைச் சுற்றிலும் பரந்து கிடக்கும் சமவெளியை அந்நாட்டார் பம்பா என்று அழைக்கிறார்கள். ஹுவாட்டா, பூனோ நகருக்கும் ஹூலியாக்கா நகருக்கும் இடைப்பட்ட பகுதியில், இச்சமவெளியிலிருந்து தீவுபோல் எழுந்த குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது. ஊரின் நடுவே ஒரு சதுக்கமும், மாதா கோயிலும், அவற்றைச் சூழ்ந்து பச்சை மண்ணால் அறுத்த கற்களைக் கொண்டு கட்டிய வீடுகளும் உள்ளன. ஜனங்கள் கெச்சுவா பாஷை பேசுகிறவர்கள். மரங்கள் அருமையாதலால் சாணத்தை உலர்த்தி அடுப்பெரிக்கிறார்கள். இதனால் நிலத்துக்குச் சேரவேண்டிய எருவில் ஒரு பகுதி சாம்பலாகிவிடுகிறது. இந்த நஷ்டத்தை விளக்குவதற்கு நம் நாட்டு விவசாயிக்கு அதிகச் சொற்கள் தேவையில்லை.

அப்பிரதேசம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் பருவங்கள் நமக்கு மாறானவை. அக்டோபர் அல்லது நவம்பரில் மழை தொடங்கி மார்ச் வரையில் பெய்கிறது. ஆண்டு முழுவதுக்குமாக 25 முதல் 30 அங்குலம் வரை மழை உண்டு. மே முதல் ஆகஸ்டு வரை வானம் மேகமின்றி இருக்கும். மழையின் மொத்த அளவு போதுமானதே. ஆயினும் ஓராண்டு மழை காலந்தாழ்த்து வந்து விதையைக் கெடுக்கும். மற்றோராண்டு ஓயாமல் பெய்து சமவெளியை ஏரியோடு ஒன்றாக்கிவிடும். இவ்விரண்டுக்கும் இடையே உறைபனி என்னும் மூன்றாவது பகைவன் ஒருவன் இருக்கிறான்.

உயரமான இடத்தில் காற்று மெல்லியதாகையால் பகலில் சூரியனுடைய உஷ்ணம் கடுமையாகத் தாக்குகிறது. இரவில் அவ்வுஷ்ணம் தங்குவதற்கு வழியின்றி வானவெளியில் கலந்து போய்விடுகிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் நிலத்தை ஒட்டிய காற்று மிகவும் குளிர்ந்து கனம் மிகுந்ததாகிச் சரிவுகளின் வழியே நீர்போல் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. இக்காரணத்தால் குன்றின் சரிவிலிருக்கும் பயிர் தப்பிப் பிழைக்கும் இரவிலும் சமவெளியிலுள்ள பயிர் கருகிப் போவதுண்டு. பயிர் வளரும் மாதங்களிலும் இத்தகைய இரவுகள் வரக்கூடும். ஜனவரியில் பூத்து நிற்கும் உருளைக்கிழங்கு வயல் ஒரே இரவில் வெந்ததுபோல் கருத்துச் சாய்ந்துவிடும். ஆகவே ஹுவாட்டாவின் குடியானவர்கள் நெடுங்காலமாகக் குன்றுகளின் சரிவுகளிலேயே சாகுபடி செய்து, சமவெளியை ஆடுமாடு மேய்க்கும் கரம்பாக விட்டிருந்தார்கள். சரிவு நிலமோ சிறிது. தலைமுறைதோறும் பங்கிடப்பட்டுத் துண்டு துண்டாகிவிட்டது. ஒரே குடும்பத்துக்குப் பல இடங்களில் சிறு சிறு காணிகள் இருப்பதைக் குறையென்று மட்டும் கருதலாகாது. ஓரிடத்தில் பனி விழுந்தால் மற்றோரிடத்தில் ஏதேனும் மிஞ்சும் என்பது அவர்களுடைய கணக்கு.

பயிர்களும் கருவிகளும்

முதன்மையான பயிர் உருளைக்கிழங்கு. அதில் இனிப்பு வகை, கசப்பு வகை என இரு பெரும் பிரிவுகள் உள. கசப்பு வகையின் கிழங்கில் ஒருவித நச்சுப்பொருள் இருப்பதால் அதனை நேராகச் சமைத்து உண்ணுதல் இயலாது. ஆனால் இனிப்பு வகை மடிந்துபோகும் பனியிலும் இவ்வகை உயிரோடு நிற்கும். அடுத்தபடியாக ஓக்கா, உல்யூக்கோ என்னும் கிழங்குகளும், கீன்வா, கன்யிவா என்னும் சிறு தானியங்களும் பயிராகின்றன. ஸ்பானியர் கொண்டுவந்த வாற்கோதுமையும் பெரிய அவரையும் இப்பொழுது அந்நாட்டுப் பயிர்களாகவே ஆகிவிட்டன. ஏரியோரத்தில் வளரும் தொத்தோரா என்னும் கோரையும், நீருக்குள் வளரும் பாசிக்கொடிகளும் மாட்டுக்குத் தீவனமாகின்றன.

நிலத்தைத் திருப்புவதற்கு அவர்கள் சாக்கிதாக்யா என்னும் கால்கலப்பையை உபயோகிக்கிறார்கள். ஆள் உயரமுள்ள ஒரு மரத்தண்டின் நுனியில் ஒடுங்கிய இரும்பு அலகும், அதற்குச் சற்று மேலே கால் வைத்து மிதிக்க ஒரு குறுக்குக் கட்டையும், கைபிடிக்க ஒரு வளைந்த பிடியும் அமைந்தது அக்கருவி. ஆண்கள் இருவர் அருகருகே நின்று, ஒரே சமயத்தில் மிதித்து, அலகை மண்ணில் இறக்கி நெம்புவார்கள். எதிரே இருக்கும் பெண் பெயர்ந்த மண்கட்டியைக் கையால் புரட்டிப் போடுவாள். ஏர் செல்ல முடியாத சரிவுகளிலும், புல்வேர் பின்னிக் கெட்டிப்பட்ட கரம்பிலும் இக்கருவிக்கு இணையானது வேறொன்றில்லை. புல்லும் வேருமாகச் சேர்ந்த மண்ணைச் செங்கல் போல் சதுரமாக வெட்டியெடுக்கவும் இது உதவுகிறது. பின்னர் சொல்லப்போகும் வேலைக்கு இது மிக முக்கியம்.

அறுவடை ஏப்ரல், மே மாதங்களில் முடிகிறது. ஜூன், ஜூலை மாதங்களின் கடும்பனியை இக்குடியானவர்கள் தங்களுக்கு வேலையாளாக மாற்றிக்கொண்டிருக்கும் விதம் வியக்கத்தக்கது. கசப்புக் கிழங்குகளையும், பொடிக் கிழங்குகளையும் சமதரையில் ஒரே படலமாகப் பரப்பி வைக்கிறார்கள். இரவில் அவை கல்போல் உறைகின்றன. பகல் வெயிலில் உருகி மெத்தென்று ஆகின்றன. இவ்வாறு சில இரவுகள் கழிந்தபின் கிழங்குகளைச் சிறு குவியல்களாகக் கூட்டி, வெறுங்காலால் மிதித்துத் தோலையும் நீரையும் நீக்குகிறார்கள். பிறகு வெயிலில் நன்றாகக் காயவைக்கிறார்கள். இவ்விதம் கிடைக்கும் கருநிறமான வற்றலுக்குச் சூன்யோ என்று பெயர். உறைந்த கிழங்கை ஓடும் நீரில் சில வாரங்கள் ஊறவைத்து, பின்னர் உலர்த்தினால் வெண்மையான துந்தா கிடைக்கும். கசப்பு வகையின் நச்சு இம்முறைகளால் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. எடை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைவதால் கொண்டுபோகவும் வைத்திருக்கவும் எளிது. நன்றாகக் காய்ந்த சூன்யோ பல ஆண்டுகள் கெடாது. ஒரு வீட்டில் சூன்யோ எவ்வளவு இருக்கிறது என்பதே அவ்வீடு அடுத்த பஞ்சத்தை எத்தனை மாதம் தாங்கும் என்பதற்கு அளவு.

சமவெளியில் காணப்பட்ட வரிகள்

ஹுவாட்டாவைச் சூழ்ந்த கரம்பில் நடந்து செல்பவன் காலடியில் நிலம் மெல்ல ஏறி இறங்குவதை உணர்வான். மழைக்காலத்தில் பள்ளங்களில் நீர் நிற்க, மேடுகளில் புல் தழைத்து, நிலம் முழுவதும் கோடு கிழித்தாற்போல் தோன்றும். ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களில் இவ்வரிகள் மைல் கணக்காகத் தொடர்ந்து செல்வது தெளிவாகத் தெரிகிறது. ஸ்மித், டெனெவன், ஹாமில்டன் என்னும் மூன்று பூகோள ஆராய்ச்சியாளர்கள் 1968-ல் வெளியிட்ட கட்டுரையில், இவை பண்டைய மக்கள் மண்ணை உயர்த்தி அமைத்த பயிர்ப்பாத்திகள் என்றும், ஏரியைச் சுற்றி இவற்றின் எச்சம் சுமார் 82,000 ஹெக்டேர், அதாவது இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் இருக்கிறதென்றும் எழுதினார்கள்.

இப்பாத்திகளைக் கெச்சுவா பாஷையில் வாரு வாரு என்பர். கிளார்க் எரிக்ஸன் என்னும் அமெரிக்கத் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் 1981-ல் ஹுவாட்டாவில் தம் வேலையைத் தொடங்கி, பழைய பாத்திகளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தார். வாய்க்காலின் அடியில் மட்கிய கரிய வண்டலும், பாத்தியில் ஒன்றன்மேல் ஒன்றாக இட்ட மண்ணும் காணப்பட்டன. ஒருமுறை கட்டிய பாத்தியையே பிற்காலத்தார் திருத்திப் பெரிதாக்கியிருந்தார்கள். இம்முறையின் தொடக்கம் சுமார் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பது அவருடைய முடிவு. ஸ்பானியர் 1530-களில் பெருவில் நுழைந்தபோது இச்சமவெளியில் இம்முறை வழக்கொழிந்துவிட்டது. பின்வந்த நூற்றாண்டுகளில் பெரும் பண்ணைக்காரர்கள் கம்பளிக்காக ஆடு வளர்க்கச் சமவெளியைக் கைப்பற்றினார்கள். 1969-ல் பெரு அரசாங்கம் செய்த நிலச் சீர்திருத்தத்தினால் அப்பண்ணைகள் பெரும்பாலும் கூட்டுறவு ஸ்தாபனங்களாயின. குடியானவர் சமூகங்கள் தங்கள் பழைய நிலத்தைக் கேட்டுப் பெறுவதற்கு 1980-கள் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

பாத்தி கட்டும் முறை

புத்தகத்தில் எழுதப்படாத ஒரு முறையை அறிய வேண்டுமாயின், அதனைச் செய்து பார்ப்பதே வழி. எரிக்ஸனும் அவருடன் சேர்ந்த இக்னாசியோ கராய்கொச்சேயா என்னும் பயிர்த்தொழில் நிபுணரும் ஹுவாட்டாவின் குடியானவர்களைக் கொண்டு பழைய மேடுகளின் மேலேயே புதிய பாத்திகளைக் கட்டுவித்தார்கள். முதலில் குடியானவர்கள் இதில் நம்பிக்கை கொள்ளவில்லை. பாட்டன் காலமுதல் பனி விழும் இடமென்று அறிந்த கரம்பில் விதைக்கிழங்கைப் புதைப்பது, பசித்தவன் சோற்றை மண்ணில் கொட்டுவது போன்றது அன்றோ? ஆதலால் தொடக்கத்தில் சிறு பரப்பிலேயே வேலை நடந்தது.

பழைய வாய்க்காலின் போக்கைக் கயிறு பிடித்துக் குறித்துக்கொண்டு, இரு ஓரங்களிலும் கால்கலப்பையால் புல்மண் கட்டிகளை வெட்டியெடுத்து, பாத்தியின் விளிம்பில் சுவர்போல் அடுக்குவார்கள். பின்பு வாய்க்காலை ஆழப்படுத்தி, அந்த மண்ணைப் போர்வைத் துணியில் கட்டிச் சுமந்து இச்சுவர்களுக்கு நடுவே நிரப்புவார்கள். பாத்தியின் அகலம் பெரும்பாலும் 4 முதல் 10 மீட்டர், அதாவது 13 முதல் 33 அடி வரையில் இருக்கும். நீளம் இடத்துக்குத் தக்கபடி 30 அடி முதல் 300 அடிவரை போவதுண்டு. வாய்க்காலின் அடியிலிருந்து பாத்தியின் மேற்பரப்பு சுமார் மூன்று அடி உயரம். பாத்தி எவ்வளவு அகலமோ வாய்க்காலும் ஏறக்குறைய அவ்வளவு அகலம். இதைக் கேட்டவுடன் பாதி நிலம் வீணாகிறதே என்று தோன்றும். ஆனால் வாய்க்கால் வெறும் பள்ளமாக இருப்பதில்லை. அதுவே இம்முறையின் உயிர்நாடி.

வேலை செய்வோர் குடும்பங்களாகவும், அயினி என்னும் கைமாற்று உழைப்பு முறையிலும் கூடினார்கள். இன்று உன் வயலில் நான் உழைத்தால், நாளை என் வயலில் நீ உழைக்கவேண்டும் என்பதே அயினி. யந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. வெளியிலிருந்து உரமும் இடப்படவில்லை.

பனியைத் தடுப்பது எங்ஙனம்

வாய்க்காலில் நிற்கும் நீர் பகல் முழுவதும் வெயிலின் உஷ்ணத்தை வாங்கிச் சேமிக்கிறது. மண்ணைவிட நீர் மெதுவாகக் குளிர்வதால், இரவில் அவ்வுஷ்ணம் சிறிது சிறிதாக வெளிப்பட்டுப் பாத்தியின் மேலுள்ள காற்றைத் தணுத்துப் போகாமல் காக்கிறது. கனத்த குளிர்காற்று பாத்தியிலிருந்து வழிந்து வாய்க்காலில் இறங்குவதும் ஓரளவு உதவுகிறது. பின்னாளில் பொலிவியா தேசத்துப் பக்கத்தில் உஷ்ணமானிகளைக் கொண்டு அளந்தவர்கள், இவ்வாறு கிடைக்கும் வித்தியாசம் 1 முதல் 2 டிகிரி சென்டிகிரேடு அளவே என்று கண்டார்கள். இது சொற்பமென்று தள்ளத்தக்கதன்று. பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி கீழே நிற்கும் இரவில் பயிரின் உயிர் அந்த ஒரு டிகிரியில்தான் இருக்கிறது. எனினும் ஐந்தாறு டிகிரி கீழே இறங்கும் இரவில் இம்முறையும் கைகொடுக்காது என்பதை மறைத்தல் கூடாது. வாய்க்காலில் நீர் இல்லாவிடில் இந்த அற்பப் பாதுகாப்பும் இல்லை.

வறட்சியில் வாய்க்கால் குளமாகிறது. வேர்களுக்குக் கீழிருந்து ஈரம் ஏறுகிறது. தேவையானால் நீரை வாரி இறைக்கலாம். மழை மிகுந்தால் மேல்நீர் வாய்க்காலில் வடிந்து, கிழங்கு அழுகாமல் இருக்கிறது. மேல்மண்ணின் கனம் இரட்டிப்பாவதால் வேருக்கு இடம் கூடுகிறது. நீரில் வளரும் பாசியும் செடிகளும், காற்றும் நீரும் கொண்டுவரும் நுண்மண்ணும் வாய்க்காலின் அடியில் மட்கி நல்ல வண்டலாகின்றன. அதனை வாரிப் பாத்தியில் போட்டால் அதுவே எரு.

பரீட்சைக்குக் காலமும் தானாகவே வந்து சேர்ந்தது. 1982-83-ல் ஆண்டீஸ் உயர்நிலம் முழுவதையும் கொடிய வறட்சி பிடித்தது. பூனோப் பிரதேசத்தில் சரிவு நிலங்களின் பயிர் பெரும்பாலும் அழிந்து, குடும்பங்கள் விதைக்கிழங்கையே சமைத்து உண்ணவும், கால்நடைகளைக் கிடைத்த விலைக்கு விற்கவும் நேர்ந்தது. ஹுவாட்டாவின் சோதனைப் பாத்திகள் அவ்வாண்டிலும் மகசூல் கொடுத்தன. மாறாக 1985-86-ல் மழை மிகுந்து, ஏரி அந்த நூற்றாண்டில் காணாத உயரத்துக்கு ஏறியது. மழைநீர் தேங்கிய இடங்களில் மேட்டுப்பாத்தியின் அனுகூலம் தெளிவாக விளங்கியது. ஏரியே ஏறி வந்து சூழும் இடத்தில் மூன்று அடி மேடு எதையும் தடுக்காது என்பது சொல்லாமலே விளங்கும்.

1981 முதல் 1986 வரை ஹுவாட்டாவில் எடுத்த கணக்கின்படி, உருளைக்கிழங்கு மகசூல் ஹெக்டேருக்கு 8 முதல் 14 டன் வரை இருந்தது. சராசரி சுமார் 10 டன். ஏக்கருக்கு ஏறக்குறைய 4 டன் ஆகும். அக்காலத்தில் பூனோப் பிரதேசத்தின் சாதாரண மகசூல் ஹெக்டேருக்கு 1 முதல் 4 டன் வரையே. இத்தகைய எண்களைப் படிக்கும்போது இரண்டு சங்கதிகளை மனத்தில் வைக்கவேண்டும். முதலாவது, வாய்க்காலின் பரப்பு கணக்கில் சேர்ந்ததா இல்லையா என்பது. இரண்டாவது, பல நூறு ஆண்டுகள் ஓய்ந்து கிடந்த மண்ணின் முதற் சில போகங்கள் எந்நாட்டிலும் செழிப்பாகவே இருக்கும். அதே விளைவு ஆண்டுதோறும் நிலைக்க வேண்டுமாயின், வண்டல் வாரும் வேலையும் ஆண்டுதோறும் நிலைக்க வேண்டும்.

பரவியதும் கைவிடப்பட்டதும்

இம்மகசூலின் செய்தி பரவவே, 1980-களின் பிற்பகுதியில் அரசாங்க இலாகாக்களும் பல தொண்டு ஸ்தாபனங்களும் மேட்டுப்பாத்தி கட்டுவிப்பதில் முந்தின. ஏரியைச் சுற்றிப் பல கிராமங்களில் நூற்றுக்கணக்கான ஹெக்டேர் புதிதாகத் திருத்தப்பட்டது. வேலைக்கு வந்தோருக்குக் கூலியும், உணவுப் பொருளும், விதைக்கிழங்கும் கொடுக்கப்பட்டன. பொலிவியாவில் அதே காலத்தில் ஆலன் கோலாட்டா, ஓஸ்வால்டோ ரிவேரா என்போர் நடத்திய பரீட்சைகளும் பெரும் புகழ் பெற்றன. பத்து ஆண்டுகள் கழிவதற்குள் இப்பாத்திகளில் மிகப் பெரும்பகுதி மீண்டும் புல் முளைத்துக் கரம்பாயிற்று.

இதற்குக் குடியானவனின் சோம்பல் காரணம் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிட்டனர். நுணுகிப் பார்த்தால் வேறு பல காரணங்கள் தென்படும். கூலிக்கும் உணவுக்குமாகக் கட்டப்பட்ட பாத்தி, கூலி நின்றவுடன் யாருடைய பொறுப்பும் அன்று என்றாயிற்று. பெரும்பாலான பாத்திகள் சமூகப் பொதுநிலத்தில் அமைக்கப்பட்டன. மகசூலைப் பங்கிட்டால் ஒரு குடும்பத்துக்கு வருவது சிறு மூட்டை; உழைப்போ அதிகம். தங்கள் சொந்தக் காணியில் தாங்களே கட்டிக்கொண்டவர்கள் அதிக நாள் அதனைப் பேணினார்கள் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. ஆண்கள் ஹூலியாக்காவுக்கும் அரெக்கிபாவுக்கும் கூலி வேலைக்குச் செல்வதால், வாய்க்கால் வாரவேண்டிய பருவத்தில் வீட்டில் பெண்களும் முதியோரும் மட்டுமே இருப்பர். காவலில்லாத பாத்தியின் விளிம்பை மாடுகள் மிதித்துச் சரிக்கும். சில இடங்களில் நீர் வந்து நிற்கும் வழியையும் வடியும் வழியையும் ஆராயாமல், எண்ணிக்கைக்காகக் கட்டிய பாத்திகளும் இருந்தன. வாய்க்கால் வறண்டு கிடந்த அவ்விடங்களில் பனி வழக்கம்போல் பயிரைத் தின்றது. கிழங்குக்குச் சந்தையில் விலையில்லாமற் போன ஆண்டுகளில் அதிக மகசூலே அதிக நஷ்டமாயிற்று.

மாத்யூ பாண்டி என்னும் ஆராய்ச்சியாளர் 2005-ல் வெளியிட்ட கட்டுரையில் மற்றொரு கோணத்தைக் காட்டினார். ஒரு நாள் உழைப்புக்கு எவ்வளவு விளைவு என்று கணக்கிட்டால், நீண்ட தரிசு விட்டுச் செய்யும் சரிவு விவசாயமே குடியானவனுக்கு மலிவானது. மேட்டுப்பாத்தி பரப்புக்கு அதிகம் கொடுத்தாலும் உழைப்புக்கு அதிகம் கொடுப்பதில்லை. பண்டைக்காலத்தில் சரிவு நிலத்து வேலை இல்லாத நாட்களையும் பயன்படுத்தும் பொருட்டே அதனைக் கைக்கொண்டிருக்கலாம் என்பது அவருடைய கருத்து. நிலம் அருகி ஆள் மலிந்த இடத்தில் பரப்புக் கணக்கும், நிலம் இருந்து ஆள் அருகிய இடத்தில் உழைப்புக் கணக்கும் பார்க்கப்படுகின்றன. பரீட்சைப் பண்ணையில் இருப்போர் முதற்கணக்கையே எழுதி வைப்பது வழக்கம். குடியானவன் இரண்டாவதை மனத்திலேயே போட்டுக்கொள்கிறான்.

தரிசு விடுதலும் நூற்புழுவும்

கைவிடப்பட்டதாகத் தோன்றிய எல்லாப் பாத்திகளும் உண்மையில் கைவிடப்பட்டவையல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஆண்டீஸ் மலைநாட்டார் எந்த நிலத்திலும் உருளைக்கிழங்கைத் தொடர்ந்து பயிரிடுவதில்லை. கிராமத்தின் நிலம் பல பிரிவுகளாக வகுக்கப்பட்டு, ஒரு பிரிவில் முதலாண்டு உருளைக்கிழங்கும், அடுத்தாண்டு ஓக்காவோ கீன்வாவோ, அதற்கடுத்து வாற்கோதுமையும் விதைத்தபின், பல ஆண்டுகள் தரிசாக விடப்பட்டு ஆடு மேய்க்கப்படும். இம்முறையை ஐமாரா பாஷை பேசுவோர் ஐனோக்கா என்பர். சமூகத்தார் கூடி முடிவு செய்தபடியே எல்லாக் குடும்பங்களும் அவ்வப்பிரிவில் ஒரே பயிரை விதைக்கும். மேட்டுப்பாத்தியைப் பார்வையிட வந்த உத்தியோகஸ்தர்கள் ஓய்ந்து கிடந்த பாத்தியைக் கண்டு தோல்வி என்று எழுதிக்கொண்டு போனதும் உண்டு.

நீண்ட தரிசுக்கு மண்வளம் ஒன்றே காரணமன்று. உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு ஒன்று அம்மலைநாட்டிலேயே தோன்றியது. அதன் பெண்புழு இறந்தபின் அதன் உடலே கடுகினும் சிறிய உருண்டைக் கூடாகி, உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காக்கிறது. உருளைக்கிழங்கின் வேர் அருகில் வந்தால் அதன் கசிவை உணர்ந்து முட்டைகள் பொரிக்கும். வராவிட்டால் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். ஆண்டுதோறும் ஒரு பங்கு தானே பொரித்தும் அழிந்தும் போவதால், ஆறு ஏழு ஆண்டுத் தரிசுக்குப் பின் எஞ்சும் புழு பயிரைப் பெரிதும் வருத்தாது. புழுவைக் கண்ணால் காணாத காலத்திலேயே இந்தத் தவணை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்புழு விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணோடு கப்பலேறி ஐரோப்பாவுக்கும், அங்கிருந்து பிற நாடுகளுக்கும் பரவிற்று. நம் நாட்டில் 1961-ல் நீலகிரியில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் காரணமாக அம்மலையிலிருந்து விதைக்கிழங்கை வெளியிடங்களுக்கு அனுப்புவது கட்டுப்படுத்தப்பட்டது. நீலகிரியில் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட போகம் உருளைக்கிழங்கு எடுத்த தோட்டங்களில் புழு பெருகியதில் வியப்பில்லை. கிழங்கு ஆண்டீஸிலிருந்து வந்தது, புழுவும் வந்தது, தரிசுத் தவணை மட்டும் கூட வரவில்லை. புழுவைத் தாங்கும் குணமும் முடிவில் அம்மலைநாட்டுக் கிழங்குகளிலேயே தேடப்பட்டது. 1952-ல் எல்லென்பி என்னும் இங்கிலாந்து விஞ்ஞானி அத்தகைய குணமுள்ள ஆண்டீஸ் வகைகளை எடுத்துக் காட்டினார். பின்வந்த எதிர்ப்புச் சக்தியுள்ள பல வகைகளின் வம்சம் அவற்றிலிருந்து தொடங்குகிறது.

தற்கால நிலை

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2011-ல் குஸ்கோ முதல் பூனோ வரையிலுள்ள பயிர்த்தொழில் முறைகளை உலகப் பாரம்பரிய விவசாயச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. மேட்டுப்பாத்திகளும் அதில் அடங்கும். 2022-23-ல் உயர்நிலத்தில் மழை மீண்டும் பொய்த்து, 2023-ன் முடிவில் டிட்டிகாகா ஏரி மிகவும் தாழ்ந்து, கரையோரத்துக் கோரைக்காடுகள் உலர்ந்த சேற்றில் நின்றன. பூனோவுக்குத் தெற்கேயுள்ள ஆக்கோராவில், வாரு வாருக்களைத் திருத்திப் பயிரிட்டிருந்த குடியானவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. உருளைக்கிழங்கும் கீன்வாவுமே அவர்கள் முக்கியமாக விதைத்தவை.

ஹுவாட்டாவின் சமவெளியில் பழைய வரிகள் இன்றும் மறையவில்லை. கட்டிய பாத்தியைப் பேணுவோர் விதைப்புக்கு முன்னரே வாய்க்காலில் இறங்கி, அடியிலுள்ள கரிய சேற்றை வாரி, சரிந்த விளிம்பைப் புல்மண் கட்டிகளால் அடைத்து, செப்டம்பர் முதல் நவம்பருக்குள் கிழங்கை ஊன்றிவிட வேண்டும். இவ்வேலையில் எத்தனை பேர் கூடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அவ்வாண்டு விதைக்கும் பாத்திகளின் எண்ணிக்கை அமைகிறது. விதைக்காத பாத்திகளில் புல் வளரவிட்டு, மழைக்காலம் முடியும் வரை மாட்டை அணுகவிடாமல் காப்பது ஒன்றே மேடு கரையாமலிருக்கச் செய்யத்தக்கது.